முறத்தில் கிடந்த பொங்கல் வாழ்த்து

என் கையெழுத்தை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். நூல் மூட்டையின் மேல், கோயில் அன்னதானப் பலகையில், தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குக் கொடுத்த மனுவில். அதையே ஒரு முறத்தில் போட்டு, மேலே வேப்பிலையைக் குவித்து, பக்கத்தில் அரிவாளையும் சாத்தி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எருமப்பட்டியில் என் மகள் கோமதி வாழ்க்கைப்பட்ட வீடு அது. தை மாதக் கடைசி, பொழுது சாய்கிற நேரம். நானும் என் மனைவி சரசும் பஸ் இறங்கி நடந்துபோய் வாசலில் செருப்பைக் கழற்றினோம். எப்போது போனாலும் எங்கள் தலை தெரிந்ததுமே "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்று மூச்சுவிடாமல் சொல்கிற பழனியப்பன், அன்றைக்கு ஒரே ஒரு "வாங்க" சொன்னார். அதையும் முறத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவர் மனைவி செல்லம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முறத்துக்கும் அவருக்கும் நடுவில் நாலு முழ இடைவெளி, அளந்து விட்டதுபோல.

வேப்பிலைக்குள்ளிருந்து ஒரு கவரின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. நீல மையில் ஊர்ப்பெயர் தெரிந்தது. அந்த 'ரு'வின் வாலை அப்படி இழுத்து விடுகிறவன் குமாரபாளையத்திலேயே நான் ஒருத்தன்தான்.



மார்கழிக்கு இருபத்தைந்து

இந்த அட்டை எழுதுகிற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முறத்துக்கு என் எழுத்து எப்படிப் போனது என்று விளங்காது.

நான் எட்டாவதுவரைதான் படித்தேன். அதற்குப் பிறகு தறிப்பட்டறை. அங்கே எழுத்து வருகிறவர்கள் குறைவு என்பதால் மூட்டைக்கு நம்பர் போடுவது என் வேலையாயிற்று. பொங்கல் நெருங்கினால் கூட வேலை செய்கிறவர்கள் வாழ்த்து அட்டை வாங்கிக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள். பானை பொங்குகிற அட்டை, ஜோடி மாட்டு அட்டை, கரும்புக்கட்டு அட்டை. தறிச் சத்தத்தில் என் காதுக்குள் கத்துவார்கள், நான் எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் மைமேல் பஞ்சு ஒட்டிவிடும்.

அதில் ஒருவர், முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், வருசா வருசம் பவானியில் இருக்கிற ஒரு பெண்ணின் பேருக்கு எழுதச் சொல்வார். "நல்லா இருக்கியா, நான் நல்லா இருக்கறேன்." அவ்வளவுதான். அனுப்புகிறவர் பெயர் போடக் கூடாது. எனக்கு அரித்தது. பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுசனுக்குக் காவிரிக்கு அக்கரையில் என்ன வேலை? மூன்றாம் வருசம் கேட்டேவிட்டேன்.

"என்ற தங்கச்சிங்க. அது இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுகூட பேசக் கூடாதுன்னு எங்கம்மா எங்கிட்டச் சூடம் அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு. பேசக் கூடாதுன்னுதானுங்க சத்தியம். எழுதக் கூடாதுன்னு இல்லீங்களே?" என்றார்.

மூன்று வருசம் அந்த மனுசனை அசிங்கமாக நினைத்ததற்கு அன்று சாயங்காலம் பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கோமதிக்குக் கல்யாணமான வருசத்திலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். மார்கழி முதல் நாளிலிருந்து தினம் ஓர் அட்டை. விடிகாலையில் குளித்து, தெருக்கோடி முருகன் கோயிலுக்குப் போய்வந்து, காப்பிகூடக் குடிக்காமல் எழுதுவேன். அன்றைய கும்பிடு முழுக்க அந்த வீட்டுக்கு. எழுதியதைச் சாமி படத்தடியில் வைத்து எடுத்து, கோயிலில் கொடுத்த திருநீற்றைக் காகிதத்தில் மடித்து அட்டைக்குள் வைத்துவிடுவேன். இருபத்தைந்து நாள், இருபத்தைந்து வீடு. இருபத்தாறாம் நாள் தபால் பெட்டி.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய் வரக் கையில் வசதி இல்லாதவன் நான். என்னால் முடிந்தது இது.

"எலக்சன்ல நிக்கறீங்களா?"

இந்தக் காலத்தில் கையால் எழுதிய அட்டையை யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். நம்மைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அட்டை வாங்கப் போனால் கடைக்காரர் பரண்மேல் ஏறித் தூசி தட்டி ஒரு கட்டை எடுத்துப் போட்டுவிட்டு, "எலக்சன்ல நிக்கறீங்களாண்ணா?" என்றார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிற என் சித்தப்பா மகன், அட்டை கிடைத்த அன்றே போன் போட்டான்.

"என்ன விசேஷங்ண்ணா?"

"பொங்கல்தான்டா விசேஷம்."

"அது தெரியுதுங். வேற எதாச்சும் சீட்டுகீட்டு ஆரம்பிக்கறீங்களா? எதா இருந்தாலும் எங்கிட்ட நேராவே சொல்லுங்ணா."

பொங்கல் அன்றைக்குக் கைபேசியில் நூறு பானை பொங்குகிறது. யார் அனுப்பினாலும் அதே பானை. அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒருத்தன் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்து, நம்மை நினைத்து நாலு வரி எழுதினால் மட்டும், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

இதை நான் சிரித்துக்கொண்டுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் போன் வருகிறவரைக்கும்.

ஆறு மணி நேரச் சந்தேகம்

அன்றைக்குக் காலையில் போன் செய்தவர் பழனியப்பன்.

"சம்பந்தி, வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்."

"ஏனுங்க, ஒடம்புக்கு எதாச்சும்..."

"ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங். வாங்க, பேசிக்கலாம்."

கோமதியிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணுமில்லீங்ப்பா. வாங்க" என்றாள். பக்கத்தில் யாரோ நிற்கும்போது பேசுகிற குரல்.

குமாரபாளையத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லில் மாறி, எருமப்பட்டி போய்ச் சேருகிறவரைக்கும் நானும் சரசும் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. மாப்பிள்ளை சரவணனுக்கு வேறு ஏதாவது பழக்கமா? கல்யாணத்துக்குப் போட்ட நகையில் குறை கண்டுவிட்டார்களா? அஞ்சு வருசமாகியும் குழந்தை இல்லை என்கிற பேச்சா? திருச்செங்கோடு மலை தெரிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் சரசு சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க அட்டையில ஏடாகூடமா எதாச்சும் எழுதிப் போட்டுட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் நல்லது எழுதறவன், சம்பந்தி வீட்டுக்குக் கெட்டது எழுதுவனா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நாமக்கல் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

அமாவாசைக்கு வந்த வாழ்த்து

இப்போது முறத்துக்கு வருகிறேன்.

"என்னங்க சம்பந்தி இது?" என்று கேட்டேன்.

"அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்," என்றார் பழனியப்பன்.

செல்லம்மாள்தான் உடைத்தார். "பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்றவீங்க பொங்கலுக்குச் சொல்லோணும். அமாவாசைக்கு வருமுங்களா வாழ்த்து?"

நடந்தது இதுதான். நான் மார்கழியில் போட்ட அட்டை, பொங்கலெல்லாம் முடிந்து, தை அமாவாசை அன்று உச்சிப்பொழுதில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. எப்போதும் தபாலை வாங்குகிற கோமதி அப்போது மாப்பிள்ளையின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். செல்லம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. கவரின் ஓரத்தைக் கிழித்திருக்கிறார். உள்ளே காகித மடிப்பு அவிழ்ந்து கிடந்திருக்கிறது போல. மடி பூராவும் சாம்பல்.

மறுநாள் காலையில் பண்ணையில் கூண்டுக்குக் கூண்டு கோழிகள் தலை தொங்கிக் கிடந்தன.

"அது எங்கப்பா எழுத்துங்க அத்தை, அது திருநீறுங்கன்னு இவ சொல்றா," என்றார் செல்லம்மாள். "சரி, திருநீறாவே இருக்கட்டும். வருசா வருசம் வர்றதுதானுங்கன்னு ஒண்ணு சொன்னா பாருங்க! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வருசா வருசமாமா!"

என் மகள் எனக்காகப் பேசப் போய் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு வருசமும் அட்டை வந்ததும் திருநீற்றைப் பூஜையறைக் கிண்ணத்தில் கொட்டிவிடுவது அவள் வழக்கம். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அஞ்சு வருசமா அதத்தானுங்க நாங்க குளிச்சுக் குளிச்சு நெத்தியில வெச்சிருக்கறோம்! நான் ஒக்காந்து ரோசன பண்ணிப் பாத்தேன். மொத வருசம் போர்ல தண்ணி நின்னுது. அடுத்த வருசம் சினை மாடு செத்துது. அதுக்கடுத்த வருசம் இவருக்குக் கொடலெறக்கம்."

"ஏம்புள்ள, கொடலெறக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே இருக்குது," என்றார் பழனியப்பன்.

"நீங்க சும்மா இருங்க. அப்ப வலிக்கலீல்ல?"

பக்கத்து ஊரில் குறி சொல்கிற அம்மாவிடமும் போய் வந்துவிட்டார்கள். காகிதத்தில் வந்திருக்கிறது, சாம்பலாக வந்திருக்கிறது, ஒட்டின சொந்தம் வழியாக வந்திருக்கிறது என்று குறியில் வந்ததாம்.

சரசு மெதுவாகக் கேட்டாள், "அக்கா, சாம்பல்னு நீங்க மொதல்ல சொன்னீங்களா, அந்தம்மா மொதல்ல சொல்லுச்சா?"

செல்லம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேருமா ஒண்ணாத்தான் சொன்னோமுங்க."

மூன்று அமாவாசை தாண்டுகிறவரைக்கும் கோமதி அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பதும் குறியில் வந்ததுதானாம். ஏற்கெனவே பத்து நாளாக அவள் விளக்கு ஏற்றவில்லை, பண்ணைப் பக்கம் போகவில்லை. அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நெற்றி வெறிச்சென்று இருந்தது. சின்ன வயசிலிருந்து திருநீறு இல்லாத அந்த நெற்றியை நான் பார்த்ததில்லை.

யாரும் படிக்காத அட்டை

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்கள்மேல் வந்த சந்தேகம், அவர்களுக்கு என்மேல் வந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. குழந்தை இல்லாத மருமகளைத் தள்ளிவைக்க இவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், என் அட்டை கிடைத்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"வா சாமி. துணிமணிய எடுத்துக்கிட்டு வா, போலாம்," என்றேன்.

கோமதி அசையவில்லை. "நான் இப்ப வந்துட்டா, நீங்க வெச்சுவிட்டது செய்வினைதான்னு ஆயிருமுங்களேப்பா," என்றாள்.



சரசுதான் கேட்டாள். "ஏனுங்க சம்பந்தி, அந்த அட்டையில என்ன எழுதியிருக்குதுன்னு யாராச்சும் படிச்சுப் பாத்தீங்களா?"

ஒருவரும் படிக்கவில்லை. கோமதியைத் தொட விடவில்லை. மாப்பிள்ளைக்குச் செத்த கோழிகளைப் புதைக்கவே நேரம் போதவில்லை. பழனியப்பனுக்குப் பயம். கவரிலிருந்து அட்டையை எடுக்கவே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். எழுதினது எனக்கு வரிக்கு வரி தெரியும். பழனியப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்க சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நீங்க என்ன வேணாச் சொல்லலாம். எழுதுனது எழுதுனபடிதான இருக்கும்? நானே படிக்கறேன்."

கண்ணாடியை மாட்டினார். கருப்பணசாமி பேரைச் சொல்லிக்கொண்டு, துண்டின் நுனியால் கவரைப் பிடித்து உதறினார். அட்டை விழுந்தது. ஜோடி மாட்டு அட்டை. துண்டாலேயே அதைத் திருப்பி, எட்ட வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"முருகன் துணை. சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் பொங்கல் நல்வாழ்த்து. இன்று செவ்வாய்க்கிழமை. இன்றைய கும்பிடு உங்கள் வீட்டுக்கு. மாப்பிள்ளையின் பண்ணை நோய்நொடி இல்லாமல் நடக்க வேண்டும். கோமதியைப் பெற்ற மகள் போல வைத்திருக்கிறீர்கள். அதற்கு நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்."

இங்கே அவர் நிறுத்தினார். கோமதியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சம்பந்தியம்மா செல்லம்மாள் அவர்கள் போனமுறை எங்கள் வீட்டுப் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் முட்டி வலி தீர ஒன்பது செவ்வாய் விளக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறேன். இன்று முதல் செவ்வாய். அபிஷேகத் திருநீறு இந்த வருடம் அதிகமாகவே வைத்திருக்கிறேன். காலை மாலை முட்டியில் பூசச் சொல்லவும்."

முடிந்தது. 

"இந்நேரத்துக்கு ஆராச்சும் மாத்தி வெச்சிருந்தா?" என்றார் செல்லம்மாள். குரல் முன்னைப்போல இல்லை.

"மொறத்துக்குள்ளயேதான் கெடக்குது. பத்து நாளா நீதான காவலுக்கு ஒக்காந்திருக்கற?" என்றார் பழனியப்பன்.

செல்லம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தார். நாலு முழத்தையும் நொண்டிக்கொண்டே கடந்து வந்தார். அட்டையை வெறுங்கையால் வாங்கினார்.

"கோமதி, எம் பேரு எது?"

கோமதி ஓடிவந்து காட்டினாள். அவர் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தடவிப் பார்த்தார். "இத்தன நீளமா எம் பேரு?" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "எம் பேரப் போட்டு ஒரு காயிதம் இந்த வயசு வரைக்கும் வந்ததில்லீங்க," என்றார்.

"அந்தத் திருநீறு எங்கீங்க அக்கா?" என்று சரசு கேட்டாள்.

"குறிக்காரம்மா சொல்லுச்சுன்னு முச்சந்தியில கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தனுங்க. கிண்ணத்துல இருந்ததையும் சேத்து. போயிட்டு வாரதுக்குள்ள முட்டி கழண்டுபோச்சு."

பழனியப்பன் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று நானும் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. செல்லம்மாள் எங்கள் இரண்டு பேரையும் முறைத்தார். மன்னிப்பு, கின்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. மருமகளைப் பார்த்து அதட்டினார்:

"என்ன மசமசன்னு நிக்கற? பொழுது உழுந்துருச்சு. வெளக்க வெச்சுட்டு, அப்பறம் காப்பி போடு."

கோமதி முகம் கழுவ ஓடினாள். 

பின்கோடு

கிளம்பும்போது கவரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு ஊர் முத்திரை இருந்தது. பின்கோடில் இரண்டு எண்ணை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தேன். அட்டை எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு அமாவாசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அமாவாசைக்கு வந்தது என்று கேட்டபோதே தபால்காரரை மனசுக்குள் திட்டியிருந்தேன். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

கோழிகளுக்கு வந்தது கழிச்சல் நோய் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சம்பந்தியம்மா இன்றைக்கும் பாதிதான் நம்புகிறார் என்று கோமதி சொல்கிறாள். இருக்கட்டும். என் வாயால் சொல்லியிருந்தால் அந்தப் பாதிகூடக் கிடைத்திருக்காது. அன்றைக்கு என் மகளை அந்த வீட்டில் நிறுத்தியது, எப்போதோ ஒரு விடிகாலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து எழுதிய நாலு வரி. வேப்பிலைக்கடியில் பத்து நாள் கிடந்தும் அதில் ஓர் எழுத்து மாறவில்லை.

ஒன்பது செவ்வாய் விளக்கையும் போட்டு முடித்தேன். முட்டி வலி குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஏதாவது சந்தேகம் வந்துவிடும்.

இந்தத் தைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. முகவரி கோமதியின் எழுத்து. உள்ளே கரும்புக்கட்டு அட்டை. வாழ்த்தும் அவள் எழுதியதுதான். அடியில் மட்டும் பேனா நுனி காகிதத்தைக் குத்திக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, கோணல்மாணலாக ஒரு பெயர்: செல்லம்மாள். கூடவே நாலாக மடித்த ஒரு சிறு பொட்டலம். தொட்டால் பொடிப்பொடியாக நெருடியது.

சரசு இரண்டடி பின்னால் போனாள். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள வெச்சுப் பிரிக்காதீங்க. வாசல்ல வெச்சுப் பிரிங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு வாசலுக்குத்தான் போனேன்.

பிரித்தேன். திருநீறு. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தேன். நல்ல திருநீற்று வாசம்தான். நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனவன், பாதியில் நிறுத்தி, உள்ளே வந்து, காலண்டரில் அன்றைக்கு என்ன திதி என்று பார்த்தேன்.

பஞ்சமி. அதற்குப் பிறகுதான் பூசிக்கொண்டேன். முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.